விதைத்து மிஞ்சிய கம்பு

எங்கள் வீட்டில் யாராவது 'ஏட்டி' என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள் திரும்பும். ஒன்று என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். என் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. இன்னொன்று, நாங்கள் வளர்த்த காக்கட்டீல் கிளியின் தலை.

மகள் கல்லூரி விடுதிக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆனபோது, ஒரு சாயங்காலம் என் கணவர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அதைக் கொண்டுவந்து இறக்கினார். சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், கன்னம் இரண்டிலும் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் ஒரு கொண்டை. கடைக்காரர் பெட்டை என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கூப்பிடுவது ஏட்டி என்றுதான், அதனால் அதையும் அப்படியே கூப்பிட்டோம். கொஞ்ச நாளில் வாசலில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சீட்டியடிக்க ஆரம்பித்தது. விசாரித்தால், இப்படிச் சீட்டியடிப்பது ஆண் பறவைதானாம். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் போய் அதை மாற்றுவது?

நான் ரவிக்கை தைக்கிறவள். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்களின் தோளளவும் கையளவும் எனக்கு மனப்பாடம். வாசல் அறையில்தான் தையல் மெஷின். கூண்டின் கதவைக் காலையில் திறந்துவிட்டால் ஏட்டி நேராக மெஷின் தலையில் வந்து உட்காரும். துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் துண்டைக் கொத்தித் தின்னும். கொக்கி டப்பாவைக் கவிழ்க்கும். நான் மோட்டாரை நிறுத்தினால் அதற்குப் பொறுக்காது. மறுபடி ஓட்டும்வரை சீட்டியடித்து உயிரை வாங்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். துணி கொடுக்க வந்தவர்களிடம் நான் சத்தம் போட்டால் அதுவும் கொண்டையை விறைத்துக்கொண்டு சத்தம் போடும். அவர்கள் சிரித்துவிடுவார்கள். அப்புறம் நான் எங்கே கோபப்படுவது?

என் மாமனார் பசுவந்தனையில் தனியாக இருந்தார். மாமியார் போன பிறகு எவ்வளவு கூப்பிட்டும் எங்களோடு வந்து இருக்கச் சம்மதிக்கவில்லை. மழையை நம்பிய கரிசல் காடு கொஞ்சம் உண்டு. அதில் கம்பும் உளுந்தும் போடுவார். தானே பொங்கித் தின்பார். எங்கள் பக்கத்தில் மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது குறைவு. அவர் வந்தால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன், அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வருடக்கணக்கில் அப்படித்தான் ஓடியது. எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று உண்டானதே இந்தப் பறவையால்தான். இதைப் பார்க்கவென்றே வாராவாரம் பஸ் ஏறி வர ஆரம்பித்தார். அது அவர் தோளில் ஏறி, காதுமடலில் இருக்கிற முடியைப் பிடித்து இழுக்கும். அவர் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரிப்பார். அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லை என்பதை அப்போதுதான் நான் பார்த்தேன்.

அந்தப் புரட்டாசியில் மழை காலாகாலத்தில் விழுந்தது. விதைப்பு முடிந்த கையோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டிக் கரையில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. என் மெஷினில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை கிடந்தது. சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

"ஏட்டி என்ன செய்யுதா?" என்றார் செருப்பைக் கழற்றும்போதே.

"உங்களத்தான் தேடுது மாமா. காபி போடட்டா?"

"பொறவு குடிச்சுக்கிடலாம். இவளுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

மஞ்சள் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். கம்பு.

"விதைச்சு மிஞ்சுனது, தாயி. நல்லா மூணு தண்ணி விட்டு அலசி, வெயில்ல காயப்போட்டு எடுத்தாந்திருக்கேன். மிச்சம் வீட்ல ஒரு பானை கிடக்கு."

உள்ளங்கையில் கம்பைப் பரப்பி நீட்டினார். ஏட்டி மெஷினிலிருந்து பறந்துபோய் அவர் மணிக்கட்டில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. ஒவ்வொரு மணியாக எடுத்து, உமியை உரித்துத் துப்பிவிட்டுத் தின்னும். நான் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் மாமா, இதுக்கு வயித்தளவு தெரியாது என்றேன். நல்ல கம்பு, திங்கட்டும் என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் ரவிக்கையில் மூழ்கிவிட்டேன். இரண்டு கையும் வைத்துத் தைத்து முடித்து மோட்டாரை நிறுத்தினேன். சீட்டி வரவில்லை. சரி, தின்ற மயக்கத்தில் உறங்குகிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மேஜைக்கு அடியில், துணித்துண்டுகளுக்கு நடுவில், இறகையெல்லாம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூக்கினேன். கால் பிடிக்கவில்லை. தலை ஒரு பக்கமாக இழுத்தது.

ரவிக்கையை வாங்க வந்த பெண்ணின் அம்மாவை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். ஏட்டியை முந்தானையில் பொதிந்து மார்போடு வைத்திருந்தேன். அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் கையில் தெரிந்தது. டாக்டரம்மா சின்னப் பெண். அதைக் கையில் வாங்கி வாயைத் திறந்து பார்த்தாள்.

"என்ன தீனி குடுத்தீங்க?"

"கம்பு."

"எந்தக் கம்பு? கடையில வாங்குனதா?"

"இல்ல. எங்க மாமா காட்டுல விதைச்சு மிஞ்சுனது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "விதைக் கம்பா? அதுல பூச்சி மருந்து கலந்திருப்பாங்களே."

"நல்லா கழுவித்தான்மா கொண்டாந்தாவ."

"கழுவுனா மேல இருக்கிற சாயம்தான் போகும். மருந்து போகாது. இது உடம்பே இத்தனூண்டு."

ஒரு ஊசி போட்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை நீட்டிவிட்டது. நான் ஏட்டி, ஏட்டி என்று கூப்பிட்டேன். கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, தீனிக் கிண்ணத்தில் மிச்சமிருந்த கம்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மணியின் நுனியில், கருவிருக்கும் குழியில், ரோஸ் நிறம் மெல்லிசாகத் தங்கியிருந்தது. காலையில் பார்த்திருந்தாலும் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் டவுனில் பிறந்தவள். விதைக்கு மருந்தில் சாயம் போடுவார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

என் கணவர் லாரி புக்கிங் ஆபீசிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்தான் விளக்கமாகச் சொன்னார். அவர்கள் வீட்டில் விதைப்பெட்டியில் மிஞ்சுவதைத் திரும்பத் தானியக் குலுக்கையில் கொட்ட மாட்டார்களாம். காட்டுக்கு என்று எடுத்தது எடுத்ததுதான். மிஞ்சினால் கூழ் காய்ச்சி வீட்டோடு குடித்துத் தீர்க்க வேண்டும், ஒரு மணி வீணாகக் கூடாது. வீட்டு விதையை விதைத்த காலத்து வழக்கம் அது. இப்போது விதை கடையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது, மருந்தும் சாயமும் பூசி. மாமாவுக்கு விதை மாறியது தெரியும், மருந்து என்பதும் தெரியும். ஆனால் மிஞ்சினதைத் தூக்கிப் போட மட்டும் அவர் கை வராது. அழுக்குத் துணியை அலசுவது மாதிரி மருந்தையும் அலசிவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

"அப்பாகிட்ட சொல்லிராதட்டி," என்றார். "செத்துப் போயிட்டுன்னே சொல்ல வேண்டாம். அம்மா போன பொறவு அவிய சிரிச்சது இங்கன வந்துதான். தாங்க மாட்டாவ."

நான் சரி என்றேன். இரக்கப்பட்டுச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. கிழவனாருக்கு ஒரு கைப்பிடிக் கம்பைக் கீழே போட மனசு வரவில்லை, என் பிள்ளைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார். அடுப்படியில் நின்றுகொண்டு இதைத்தான் திரும்பத் திரும்ப முணுமுணுத்தேன். பிள்ளை என்றுதான் சொன்னேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் புதைத்தோம். மழை ஈரத்தில் கரிசல் மண் மம்மட்டியை விட மாட்டேன் என்று அப்பிக்கொண்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் என் கணவர் காலால் தள்ளித் தள்ளி விட வேண்டியிருந்தது. கல்யாண ரவிக்கைக்கு வெட்டிய லைனிங் துணியில் மிச்சம் கிடந்ததைச் சுற்றி வைத்தேன். நாய் தோண்டிவிடக் கூடாது என்று மேலே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் பட்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் காது தானாகக் காத்திருக்கும். ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்கப் பயந்துகொண்டு, தையல் முடிந்த பிறகும் வெறும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. சாக்பீஸ் துண்டில் அதன் அலகுத் தடம் இருந்தது. அந்தத் துண்டை எடுத்து வைத்துவிட்டுப் புதுசு வாங்கினேன். மகள் போனில் அழுதாள். அவளாவது அழுதாள். என் கண்ணில் தண்ணீரே வரவில்லை, நெஞ்சு முழுக்க எரிச்சலாகத்தான் இருந்தது.

கொக்கி கட்டிக் கொடுக்க வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் இருந்த இருப்பு பிடிக்கவில்லை.

"ஒரு குருவிக்குப் போயா இந்தப் பாடு? ஆளே பாதியா போயிட்டியே."

"உங்க வீட்டு அண்ணாச்சி சொல்லாம கொள்ளாம ஒரு நாளு வீட்டுக்கு வராம இருக்கட்டும், அப்போ கேக்கேன் உங்கள," என்றேன். அக்கா கொக்கி டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து வைத்தாள். 

இவை எல்லாவற்றையும்விட மோசம் மாமாவின் போன்தான். காட்டுக்குக் கிளம்பும் முன் தினமும் காலையில் போன் பண்ணுவார். என்னிடம் இரண்டு வார்த்தை, பிறகு நேராக அதற்குத்தான்.

"ஏட்டி என்ன செய்யுதா?"

"உறங்குது மாமா."

"விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சே, இன்னுமா உறக்கம்?"

"ராத்திரி பூரா ஆட்டம், மாமா."

அவர் சிரிப்பார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வேன். ஒரு நாள், "ஒரு சீட்டியடிக்கச் சொல்லு தாயி, கேட்டுட்டுப் போறேன்," என்றார்.  அது குளித்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர்ச் சட்டியை விட்டு வராது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "சளி புடிச்சிரும், சீக்கிரம் தூக்கிரு," என்று அவர் கவலைப்பட்டார். போனை வைத்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கொன்றவரே வந்து நலம் விசாரிக்கிறார், நானும் நலம் என்கிறேன். அவர் மேல் இருந்த கோபம் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு படி ஏறியது.

இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று என் கணவர் செய்த காரியம் வேறு. ஒரு சாயங்காலம் அதே மாதிரி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே அதே சாம்பல், அதே மஞ்சள், அதே கன்னப் பொட்டு. கூண்டில் விட்டதும் அது மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது.

"அப்பா நாளைக்கு வாராவ," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "அவியளுக்குக் கண்ணு மங்கல். வித்தியாசம் தெரியாது."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"நான் செத்தாலும் இப்படித்தான் இருட்டும் முன்னாடி ஒண்ணக் கொண்டாந்து நிறுத்துவீங்களா? கூப்பிடுத பேரு கூட ஏட்டிதான். அதயும் மாத்த வேண்டாம். சௌகரியம்!"

அவர் பறவையைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டு, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். முக்கில் நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார் என்று பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னாள். அது செத்த நாளிலிருந்து அவருக்கு எப்படி இருக்கிறது என்று நான் ஒரு தரம் கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை மாமா போன் பண்ணினார். குரல் அடைத்திருந்தது.

"வரணும்னுதான் பாத்தேன், தாயி. வயிறு ஒரு மாதிரி புரட்டுது. ராத்திரி ரெண்டு தடவ வாந்தி."

"என்ன சாப்ட்டீங்க மாமா?"

"சோறு இறங்கல. கம்பங்கூழுதான் காய்ச்சிக் குடிச்சிட்டுக் கிடக்கேன். அவ என்ன செய்யுதா?"

 மிச்சம் வீட்டில் ஒரு பானை கிடக்கிறது என்று அன்றைக்கு அவர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. விதைத்து மிஞ்சினால் கூழ். அதுதானே அந்த வீட்டு வழக்கம்? பறவை செத்ததைப் பற்றி யோசித்தோம், அதை மறைப்பதைப் பற்றி யோசித்தோம். அந்தப் பானையைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, என் கணவரும் யோசிக்கவில்லை.

"மாமா, அந்தக் கூழக் குடிக்காதீங்க! மாமா!" என்று கத்தினேன். போன் கட்டாகியிருந்தது. திரும்பப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புக்கிங் ஆபீசுக்குப் போன் போட்டேன். என் கணவர் மாமாவின் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டிருக்கிறார். அந்த மனுஷர் தூத்துக்குடியில் இருந்தாராம். நான் கத்தரிக்கோலைப் போட்டது போட்டபடி வாசலுக்கு வர, என் கணவர் பைக்கோடு வந்து நின்றார்.

 தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன்கள் எதிரே வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை அவர் பிரேக் போடும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது.

"நாம சொல்லியிருக்கணும்," என்றேன் அவர் முதுகைப் பார்த்து.

"சொல்ல வேண்டாம்னு நான் சொன்னேன். நீயும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்த?"

"நீங்க சொன்னதக் கேட்டேன்."

"என்னைக்கு ஏட்டி நீ நான் சொன்னதக் கேட்டிருக்க? இதுக்கு மட்டும் கேட்டியா?"

 சாலைக்கு இரண்டு பக்கமும் கரிசல் காட்டில் கம்பு விரலளவு முளைத்து வரிசை பிடித்து நின்றது. எல்லாம் அந்த ரோஸ் விதையாகத்தான் இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் செம்மறியாட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு கடந்தது. என் கணவர் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். ஆட்டுக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடியை வீசி ஆடுகளை விரட்டினார். அந்த நேரத்தில் எனக்கு ஏட்டி நினைவில் இல்லை. மாமா எழுந்து நின்றால் போதும் என்று இருந்தது. இவ்வளவு நாளும் அவரை மனசுக்குள் கரித்துக் கொட்டினவள், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வழியில் இருந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். கட்டிலில் ஆள் இல்லை. என் கணவர் கொல்லைப் பக்கம் ஓடினார். அடுப்பில் நெருப்பு இன்னும் கனிந்திருந்தது. மேலே சட்டி நிறையக் கூழ், ஆவி பறந்தது. ஓரத்தில் அகப்பை போட்டு மோந்த தடம். நான் சட்டியைத் துணி வைத்துப் பிடிக்கக்கூட நினைக்கவில்லை. கை சுட, அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து சாக்கடையில் கவிழ்த்தேன்.

"ஏன் தாயி, என் கஞ்சிய எதுக்குக் கொட்டுத?"

தெருக்குழாய்ப் பக்கமிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. ஆனால் நடந்து வந்தார், குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்ன கம்பு மாமா? எவ்வளவு குடிச்சீங்க?" என் குரல் தெருவுக்கே கேட்டது.

"கடைக் கம்புதான். கயத்தாத்துல ஒரு கல்யாண வீடு. பந்தியில வடையவும் பாயாசத்தையும் ஆசைப்பட்டுத் தின்னது வயித்தக் கெடுத்துட்டு. வரும்போதே அங்கன கடையில கம்பு வாங்கியாந்தேன்."

"அப்போ விதைச்சு மிஞ்சுனது?"

குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "அதையா நான் திம்பேன்? அது ஏட்டிக்குல்லா." உள்ளே போய் மூலையைக் காட்டினார். ஒரு மண்பானை, மேலே தட்டு, தட்டின் மேல் அம்மிக் குழவி. "எலி ஏறிரும்னு வச்சிருக்கேன். ஒரு மணி எடுக்கல. நேத்து கூட இன்னொரு தடவ அலசிக் காயப்போட்டேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. கொல்லையிலிருந்து ஓடி வந்த என் கணவரும் அப்பாவைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி சிரித்தார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க. அவளயும் கூண்டோட கொண்டாந்திருக்கலாம்லா? தனியா விட்டுட்டா வந்தீங்க?"

என் கணவர் வாயைத் திறந்தார். "அப்பா, அது வந்து..." என்றதோடு நின்றுவிட்டது. அந்தப் பானை அங்கே இருக்கிறவரை இனி பொய் சொல்ல முடியாது. நாளைக்கே அதை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு இன்னொரு வீட்டுக் குஞ்சுக்கோ கோழிக்கோ கொடுப்பார்.

"ஏட்டி செத்துப் போச்சு, மாமா," என்றேன்.

"என்னைக்கு?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு."

 மாமா சாக்கடையில் கிடந்த கூழைப் பார்த்தார். மூலையில் இருந்த பானையைப் பார்த்தார். அவர் விதையும் மருந்தும் அறிந்த சம்சாரி, ஒவ்வொன்றாக அவர் முகத்தில் இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தினம் உறங்குதுன்னு சொன்னியே, தாயி."

"பொய்தான் மாமா."

வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்து, "என் கையிலருந்துதான தின்னுச்சு?" என்றார்.

அத்தனை நாளாக அவரைக் கேட்க வேண்டும் என்று நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. "ஆமா மாமா," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதைச் சொல்லும்போதுதான், அது செத்த பிறகு முதல் முறையாக, எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. என் கணவர் நிலையில் சாய்ந்து நின்று சத்தமில்லாமல் அழுதார்.

மாமா அழவில்லை. தொட்டியடிக்குப் போய், துணி துவைக்கிற சோப்பை எடுத்து வலது கையைத் தேய்த்தார். கழுவிவிட்டு மறுபடி தேய்த்தார். என் கணவர் பானையைத் தூக்கிக்கொண்டு போய், மயிலும் கோழியும் கிளற முடியாதபடி வேலிக்கு அப்பால் ஆழமாகக் குழி வெட்டினார். மம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஈரக் கைகள் இரண்டையும் மடியில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

டம்ளரில் தண்ணீர் மோந்து கொண்டுபோய் நீட்டினேன். கையை எடுக்கவில்லை.

"வேண்டாம், தாயி. இந்தக் கையில நான் ஒண்ணும் வாங்க மாட்டேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் சமமாக உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டம்ளரை அவர் வாயில் வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எடுக்கவில்லை. பிறகு வாயைத் திறந்தார். டம்ளர் காலியாகிறவரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.